கொட்டும் பிராணிகளும் குடியானவரும்

பயிருக்குச் சத்துருவான பூச்சிகளைப் பற்றி இம்மாதிரிப் பத்திரிகைகளில் மாதந்தோறும் எழுதப்பட்டு வருகிறது. தண்டைத் துளைப்பது எது, இலையைச் சுருட்டுவது எது, வேரைக் கடிப்பது எது என்பனவற்றை நேயர்கள் நன்கறிவர். ஆனால், பயிரை விட்டுப் பயிரிடுகிறவனையே கொட்டுகின்ற பிராணிகளைப் பற்றி எழுதுவோர் அரியர். "அது வைத்தியர்களைச் சேர்ந்த விஷயம், விவசாய இலாகாவைச் சேர்ந்ததன்று" என்று என்னுடன் வேலை பார்ப்பவர்களே கூறக் கேட்டிருக்கிறேன். நான் அவ்வாறு கருதவில்லை. பயிர் நோயுற்றால் மகசூல் குறைகிறது. பயிரிடுகிறவன் வரப்பில் விழுந்துவிட்டாலோ ஒரு குடும்பமே நிலைகுலைகிறது. இவ்விஷயத்தில் என் அபிப்பிராயங்கள் சிலவற்றை எழுதத் துணிகிறேன். அவை புத்தகப் படிப்பினால் மட்டும் உண்டானவையல்ல. நான் செய்த ஒரு பிழையினாலும் உண்டானவை. ஆகையால் முதலில் அப்பிழையையே கூறிவிடுவது முறை.

ஒரு தென்னந்தோப்பில் நடந்தது

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அடித்த கஜாப் புயலினால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னை மரங்கள் எண்ணிறந்தன சாய்ந்ததை யாரும் மறந்திரார். சாய்ந்த மரங்கள் அப்புறப்படுத்தப்படாமல் கிடந்து மக்கிய இடங்களில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, எஞ்சி நின்ற மரங்களின் குருத்தைக் குடையத் தொடங்கிற்று. ஆகவே மறு வருஷத்தில் தோப்புத் தோப்பாகச் சென்று, மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்வது எப்படி, கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தியெடுப்பது எப்படி, மட்டை இடுக்குகளில் வேப்பம் பிண்ணாக்குத் தூளையும் மணலையும் கலந்து இடுவது எப்படி என்று செய்து காட்டுவது என் வேலையாயிற்று.

அத்தகைய ஒரு நாளில் ஒரு தோப்பில் முப்பது விவசாயிகள் கூடியிருந்தனர். மேலதிகாரி ஒருவர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. வண்டு வெட்டிய அடையாளம் விசிறி கத்தரித்தாற்போல் மட்டைகளில் நன்றாகத் தெரிந்த ஒரு மரத்தை நான் தெரிந்தெடுத்திருந்தேன். மரமேறியாக வந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் மரத்தடியில் நின்று, கையை நெற்றியில் வைத்து, சிறிது நேரம் மேலே உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, இம்மரத்தில் கதண்டு இருப்பதுபோல் தோன்றுகிறது. அடுத்த மரத்தில் ஏறட்டுமா?" என்று கேட்டார். நானும் அண்ணாந்து பார்த்தேன். வெயில் கண்ணைக் கூசிற்று. எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. "ஒன்றுமில்லை பெரியவரே, ஏறுங்கள், நேரமாகிறது" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஏறினார்.

காய்ந்து தொங்கிய மட்டைகளின் மறைவில் கூடு இருந்தது. அரிவாள் மட்டையில் பட்டதுதான் தாமதம், கதண்டுகள் புறப்பட்டு அவரை மொய்த்துக் கொண்டன. அவர் கையை விட்டிருப்பாராயின் அங்கேயே உயிர் போயிருக்கும். முகத்தை மரத்தோடு சேர்த்து அணைத்தபடியே, நெஞ்சுத் தோல் உரிய வழுக்கிக்கொண்டு கீழே வந்தார். தலையிலும் பிடரியிலும் முதுகிலுமாக முப்பது இடங்களுக்கு மேல் கொட்டுண்டிருந்தார். கீழே நின்ற நாங்கள் அனைவரும் ஓடினோம். ஓடினவர்களில் முந்தியவன் நான் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

பின்பு சிலர் சுண்ணாம்பு கொண்டுவந்து தடவினார்கள். சிலர் வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார்கள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்து, "ஒன்றுமில்லை ஐயா, சரியாய்ப் போய்விடும்" என்று கூறி நிழலில் படுத்தார். நான் அச்சொல்லை ஆதாரமாகக் கொண்டு வேறொரு மரத்தில் வேறொருவரை ஏற்றி, வந்த அதிகாரிக்குச் செய்முறையைக் காட்டி முடித்தேன். பிற்பகலில் அவருக்கு வாந்தி கண்டது, முகம் வீங்கிற்று. அதன் பிறகே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் சிறுநீர் கருங்காப்பி நிறமாக இறங்கிற்று. சிறுநீரகங்கள் தம் வேலையை நிறுத்திவிட்டன என்று டாக்டர்கள் கூறி, இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தி செய்தார்கள். இருபத்திரண்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்தார். ஆயினும் அதன்பின் அவர் மரமேறவில்லை.

அவரைப் பார்க்கச் சென்றபோது அவருடைய மனைவியார் எனக்கு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. "மரத்தில் கதண்டு இருக்கிறதென்று முன்னமே சொன்னாராமே, ஐயா?" என்று மட்டும் கேட்டார். நான் திருடனைத் தேள் கொட்டினாற்போல் வாய் பேசாது உட்கார்ந்திருந்தேன்.

அம்மாதத்திய அறிக்கையை நான் எழுதியபோது, செய்முறை எத்தனை, வந்த விவசாயிகள் எத்தனை பேர், கொண்டை சுத்தம் செய்த மரங்கள் எத்தனை என்பனவற்றிற்குப் பத்திகள் இருந்தன. காயமுற்றோர் எத்தனை பேர் என்பதற்குப் பத்தியில்லை. நானும் எழுதவில்லை. இக்கட்டுரையின் மூலம் அப்பத்தியை இப்பொழுது பூர்த்தி செய்கிறேன் என்று நேயர்கள் கொள்ளலாம்.

அவை கொட்டுவது ஏன்?

கதண்டும் தேனீயும் மனிதனைத் தேடிவந்து கொட்டுவனவல்ல. பூவிலோ தண்ணீர்க் கரையிலோ தனித்துத் திரியும் தேனீயை நாம் நெருங்கினால் அது விலகிப் பறந்துவிடுகிறது. கூட்டிற்கும் அதிலுள்ள குஞ்சுகளுக்கும் கேடு வருகிறதென்று தோன்றும்போதே அவை திரண்டு எழுகின்றன. கொட்டுவன யாவும் பெண்ணினமே. ஆணுக்குக் கொடுக்கு இல்லை. முட்டையிடும் உறுப்பே காலக்கிரமத்தில் கொடுக்காக மாறியதென்பது பூச்சி சாஸ்திரிகளின் முடிபு.

தேனீயின் கொடுக்கில் முள் போன்ற பற்கள் பின்னோக்கி அமைந்துள்ளன. ஆதலால் கொட்டியபின் அதைப் பிடுங்கிக்கொள்ள அதனால் இயலாது. கொடுக்கும் விஷப்பையும் நம் தோலிலேயே தங்கிவிடத் தேனீ மடிந்துபோகிறது. தேனீ போன பின்னும் விஷப்பை சுருங்கிச் சுருங்கி விஷத்தை உட்செலுத்திக்கொண்டே இருக்கும். மேலும் கொடுக்கின் அடியிலிருந்து வாழைப்பழ வாசனையை ஒத்த ஒரு வாசனை எழுகிறது. "சத்துரு இங்கே இருக்கிறான்" என்று மற்றத் தேனீக்களுக்கு அறிவிக்கும் தந்தி அதுவேயாம். ஒரு தேனீயை உடம்பிலேயே அடித்து நசுக்குகிறவன் நூறு தேனீக்களுக்கு ஓலை அனுப்புகிறான். கதண்டின் கொடுக்கிலோ அத்தகைய பெரிய பற்கள் இல்லை. ஆதலால் ஒரே கதண்டு பலமுறை கொட்டவல்லது.

நம் நாட்டுத் தேனீக்களின் குணத்தை வகைபிரித்து அறிந்துகொள்வது நன்று. கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. கொம்புத்தேனீ சிறு கிளைகளில் உள்ளங்கையளவு ஒற்றை அடை கட்டும். அதன் கோபமும் அதனுடலைப் போலவே சிறியது. அடுக்குத் தேனீ மரப்பொந்துகளில் அடையடுக்கி வாழும். பெட்டியில் வளர்க்கப்படுவது இதுவே. மலைத்தேனீயே அபாயமானது. அது ஆலமரக் கிளைகளிலும் பாறைகளிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் முறம் போன்ற பெரிய ஒற்றை அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடுகிறது. ஓர் அடையில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். பருந்து இடித்தாலும், சிறுவர் கல்லெறிந்தாலும், அடியில் கற்பூரமோ வாணமோ கொளுத்திப் புகை எழுப்பினாலும் அவை கலைந்து, கண்ணில் பட்டவரையெல்லாம் கொட்டும். கோவில் விழாக்களிலும் சவ ஊர்வலங்களிலும் இவ்விதமான விபத்துக்கள் நேர்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

கூட்டைக் கொளுத்தலாமா?

இத்தகைய விபத்து நேர்ந்தவுடன் ஊரார் செய்யும் முதற்காரியம், இரவில் காய்ந்த மட்டையைப் பந்தமாகக் கட்டி, அகப்பட்ட கூடுகளையெல்லாம் கொளுத்துவது. எனக்கு நேர்ந்ததன் பின்பும் அத்தோப்பில் அவ்வாறே செய்தார்கள். கதண்டுக் கூடு எரிந்தது உண்மை; அதனுடன் இரண்டு மரங்களின் குருத்தும் எரிந்தது. பக்கத்து ஆலமரத்தில் எவர்க்கும் இடையூறின்றி இருந்த தேனடையும் எரிக்கப்பட்டது. கொட்டியது ஒன்று, தண்டனை பெற்றது மற்றொன்று.

கொட்டும் பிராணிகளை அடியோடு அழிப்பது விவசாயிக்கு லாபமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். சூரியகாந்தியிலும் கொத்தமல்லியிலும் பூசணி, பாகல், புடல் முதலிய கொடிகளிலும் மகரந்தத்தை ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்குக் கொண்டுசெல்லும் கூலியாட்கள் தேனீக்களே. கூலி கேளாத இவ்வாட்களைக் கொளுத்திவிட்டு, "பூத்தது, காய்க்கவில்லை" என்று விவசாய இலாகாவுக்கு விண்ணப்பம் எழுதுவதில் பொருளில்லை. 1991, 1992-ஆம் வருஷங்களில் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயினால் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக்கள் ஏராளமாக மடிந்து, மார்த்தாண்டம் முதலிய இடங்களில் தேனீ வளர்த்து ஜீவித்தோர் பட்ட கஷ்டத்தை முதியோர் அறிவர். நோயினால் வரும் நஷ்டம் போதும். நம் கையாலும் நஷ்டம் செய்துகொள்ள வேண்டாம். பூக்கும் பருவத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிப்பதும் கொளுத்துவதை ஒத்ததே. தெளித்தே தீரவேண்டுமாயின், தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையே தக்கது.

கதண்டும் குளவியும்கூட முழுச் சத்துருக்கள் அல்ல. அவை தேனீக்களையும் பிடிப்பது மெய்யே. ஆயினும் பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடித்து மென்று தம் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. சுவரில் மண்கூடு கட்டும் குளவியைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு: குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடுகிறது என்பர். வேதாந்திகளுக்கு இது நல்ல உவமையாக இருக்கலாம், உண்மை வேறு. குளவி புழுவைக் கொட்டுவது அதைக் கொல்லாமல் அசைவற்றதாக்கி, தன் முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குக் கெடாத ஆகாரமாக வைப்பதற்கேயாம். கூட்டிலிருந்து வெளிவருவது புழுவைத் தின்று வளர்ந்த குஞ்சே. கரும்பில் இடைக்கணுப் புழுவைத் தடுக்க நாம் அட்டைகளில் ஒட்டிக் கட்டும் முட்டை ஒட்டுண்ணியும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குளவி இனமே என்பதை விவசாயிகள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகையால் கூடுகளைப் பற்றி நான் கூறும் யோசனை இது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இருக்கும் கூட்டை அப்படியே விட்டுவிடுக. அம்மரத்தின் அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, ஏறவேண்டாமென்று வேலையாட்களுக்கும் குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க. மலைத்தேனீ வருஷம் முழுவதும் ஓரிடத்தில் தங்குவதன்று. பருவம் மாறியவுடன் தானே இடம் பெயர்ந்துவிடும். வீட்டிற்கும் பள்ளிக்கூடத்திற்கும் நடைபாதைக்கும் அருகிலுள்ள கூட்டை அகற்றியே ஆகவேண்டுமாயின், தீயணைப்புப் படையினர்க்கு அறிவிக்க. தக்க உடுப்புடன் வந்து அவ்வேலையைச் செய்வதில் அவர்கள் பழகியவர்கள். மண்ணெண்ணெயும் பந்தமும் கொண்டு தாமே வீரம் காட்டுவது, வைக்கோற்போரையும் கூரையையும் பணயம் வைத்து ஆடும் சூதாட்டமாகும்.

கொட்டியபின் செய்யத்தக்கது

முதலாவது, கொட்டும் இடத்தைவிட்டு விரைந்து அகல வேண்டும். முகத்தையும் கண்களையும் துண்டினால் மூடிக்கொண்டு, கைகளை வீசாமல், வீட்டிற்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்திக்கொள்க. கிணற்றிலும் குளத்திலும் குதிப்பது தவறு. தேனீக்கள் நீர்மட்டத்திலேயே காத்திருக்கும். நீந்தத் தெரியாதவன் மூழ்குவான்.

இரண்டாவது, தேனீக் கொடுக்கு தோலில் தங்கியிருந்தால் தாமதமின்றி நகத்தினால் வழித்தோ பிடுங்கியோ எடுத்துவிடுக. எவ்விதம் எடுப்பது என்பதைக் காட்டிலும் எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதே முக்கியம். பின்பு சோப்பு நீரால் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் வலியும் வீக்கமும் தணியும். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றுக. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்குமேயன்றி, உள்ளே சென்ற விஷத்தை எடுக்காது. அதைவிடப் பெரிய தீங்கு, ஏதோ சிகிச்சை செய்துவிட்டோம் என்னும் திருப்தியை உண்டாக்கி நேரத்தை வீணாக்குவதாகும். எனக்கு நேர்ந்ததும் அதுவே.

மூன்றாவது, வீட்டில் வைத்துப் பார்க்கத்தகாத குறிகளை அறிந்திருத்தல் வேண்டும். கொட்டிய இடத்தில் மட்டுமன்றி உடம்பெங்கும் தடிப்பு எழுதல், உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைத்தல், தலை சுற்றி மயங்குதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் அது ஒவ்வாமையின் குறி. சிலருக்கு ஒரே கொட்டு போதும். நிமிஷக் கணக்கில் உயிர் போகக்கூடும். அதற்குரிய மருந்து அட்ரினலின் ஊசியே. அது ஆஸ்பத்திரியில் உள்ளது. 108 என்னும் எண்ணுக்குப் பேசி வண்டியை வரவழைக்க. முன்னொருமுறை இவ்வாறு அவதிப்பட்டவர் மறுமுறையும் அவதிப்படலாம். அவர் தேனீயண்டையில் போகாதிருப்பதே உத்தமம்.

நான்காவது, பல இடங்களில் கொட்டுண்டவர் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குச் சென்றே தீரவேண்டும். விஷம் தசையையும் இரத்த அணுக்களையும் சிதைத்து, ஓரிரு நாட்கள் கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் குறைவதும் கறுப்பதும் அதன் அடையாளம். "ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வதை நம்பவேண்டாம். வேலை கெடுமே, எஜமானர்க்குச் சங்கடமாகுமே என்று எண்ணி அவ்வாறு சொல்கிற மனிதர்கள் நம்மிடையே அநேகர்.

கம்பளிப்பூச்சியின் ரோமம் பட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் நாடாவை அவ்விடத்தில் ஒட்டி உரித்தால் ரோமங்கள் அதனுடன் வந்துவிடும்; பிறகு கழுவுக. முருங்கை மரத்தடியில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அடைந்திருக்கும் காலத்தில் குழந்தைகளை அங்கே விளையாட விடவேண்டாம். மாமரத்து முசுறு கடித்துப் புளிக்கும் நீரைப் பீய்ச்சும், எரிச்சலேயன்றி ஆபத்தில்லை.

தேளும் பாம்பும்

தேள்களில் உருவத்தைக் கண்டு ஏமாறலாகாது. பெரிய கருந்தேள் பார்வைக்குப் பயங்கரமானது. கொட்டினால் வலி உண்டு, உயிராபத்து அரிது. சிறிய செந்தேளே கொடியது. விறகு, செங்கல், கற்குவியல், மரப்பட்டை இவற்றின் அடியில் பதுங்கும். அது கொட்டிய குழந்தைக்கு வியர்வை கொட்டுதல், வாந்தி, கைகால் சில்லிடுதல் ஆகியவை கண்டால் இருதயமும் நுரையீரலும் தாக்கப்படுகின்றன என்று அறிக. மகாராஷ்டிரத்தில் மகாட் என்னும் ஊரில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் பாவாஸ்கர், இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்படும் பிரசோசின் என்னும் மாத்திரை இவ்விஷத்தின் செயலைத் தடுக்கிறதென்பதை 1980-களில் கண்டு வெளியிட்டார். அதன்பின் செந்தேளினால் மாளும் குழந்தைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. 2022-ஆம் வருஷத்தில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு நாட்டுப்புற டாக்டர், கண்ணெதிரே சாகும் குழந்தைகளைக் கண்டு சும்மாயிராமல் ஒவ்வொன்றையும் குறித்துவைத்து ஆராய்ந்ததன் பலன் இது. குறித்துவைத்தலின் அருமையை என்னைப் போன்றவர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டும்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். 2020-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியினால் இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர். இவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். மழைக்காலத்திலேயே மரணம் மிகுதி. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே நம் நாட்டில் பெரும்பான்மையான மரணங்களுக்குக் காரணம். இந்நான்கிற்கும் சேர்த்துச் செய்யப்படும் விஷமுறிவு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. அம்மருந்திற்குரிய விஷத்தை, 1978-ஆம் வருஷத்தில் தொடங்கி வடநெம்மேலியில் நடந்துவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பைக் கொல்லாமல் எடுத்து உதவுகின்றனர்.

கட்டு விரியனைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அது இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். பற்குறி தெரியாது, வலியும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பவரின் இமைகள் சரிந்து தொங்குமாயின், கஷாயம் காய்ச்ச வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுக. எந்தப் பாம்பு கடித்தாலும், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், மந்திரிக்கக் கொண்டுபோதல் ஆகிய நான்கும் விலக்கத்தக்கவை. கடியுண்ட அங்கத்தை, எலும்பு முறிந்ததற்குச் செய்வதுபோல் அசையாமல் சிம்பு வைத்து, அவரை நடக்கவிடாமல் கொண்டுசெல்க. தமிழ்நாட்டில் 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், பாம்புக்கடி ஆஸ்பத்திரிகள் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோயாக்கப்பட்டது. அரசாங்கமே கணக்கெடுக்கத் துணிந்தபின், "அது விதிவசம்" என்று நாம் கூறிக்கொண்டிருப்பது அழகன்று.

செலவு யாருடையது?

இனி நான் கூறப்போவது சில நிலச்சுவான்தார்களுக்கு ரசியாமற் போகலாம். மேற்கண்ட விபத்துக்களில் பெரும்பாலானவற்றைத் தடுப்பதற்கு வேண்டியவை டார்ச்சு விளக்கு, காலைக் கணுவுக்கு மேல் மூடும் ரப்பர் ஜோடு, கைத்தடி, கட்டில், கொசுவலை ஆகிய ஐந்தே. வலையின் விளிம்பைப் படுக்கையின் அடியில் செருகினால் கொசுவும் வாராது. கட்டு விரியனும் வாராது. ஒரு மூட்டை டி.ஏ.பி. உரத்தின் விலைக்குள் ஒரு ஜோடு ஜோடும் ஒரு விளக்கும் வாங்கிவிடலாம். ஏக்கருக்கு மூட்டைக் கணக்கில் உரம் போடுகிறவர்கள், அந்த ஏக்கரில் இரவில் மடை திருப்புகிற மனிதனின் காலுக்கு ஒன்றும் போடுவதில்லை.

"நாற்று நடும் சேற்றில் ஜோடு போட்டுக்கொண்டு யாரால் நிற்க முடியும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. நடவு வயலில் அது உதவாது. சேறு ஜோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வரப்பு நடை, அறுவடை, வைக்கோல் பிடுங்குதல், கரும்புச் சோகை உரித்தல், மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டார் கொட்டகைக்குப் போதல் ஆகிய வேலைகளுக்கு அது உதவும். கண்ணாடி விரியன் பதுங்குவதும் வரப்பிலும் தாளிலும் போரிலுமே. எல்லாவற்றிற்கும் உதவாது என்பதற்காக ஒன்றிற்கும் வேண்டாமென்பது தர்க்கமன்று.

மரமேறிகளின் விஷயம் இன்னும் அவசரமானது. தென்னை வளர்ச்சி வாரியம் மரமேறிகளுக்கென்று 'கேரசுரக்ஷா' என்னும் விபத்துக் காப்புறுதித் திட்டத்தை ஏற்படுத்தியுள்ளது. தோப்புடையவர்கள் தம்மிடம் ஏறுகிறவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று விசாரித்து, சேராதவரைச் சேர்த்துவிடுவது தேங்காய்க் கணக்கில் மிகச் சிறிய தொகை. அதற்கும் மேலாக, செலவே இல்லாத ஒரு மரியாதையை அவர்களுக்குச் செய்ய வேண்டும். மரத்தடியில் நின்று மேலே பார்த்து, "இதில் வேண்டாம்" என்று மரமேறி சொன்னால், அதுவே முடிவான வார்த்தை. தோப்புக்காரரோ, குத்தகைதாரரோ, டிப்ளமா பெற்ற உத்தியோகஸ்தரோ அதற்கு அப்பீல் கேட்கலாகாது. முப்பது வருஷம் மரத்தோடு பழகிய கண்ணுக்குத் தெரிவது, மூன்று வருஷம் வகுப்பில் உட்கார்ந்த கண்ணுக்குத் தெரியாது.

உடன் உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை

என்னைப் போல் கிராமந்தோறும் செய்துகாட்டும் வேலையில் உள்ள சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டியதுண்டு. செய்முறைக்குரிய இடத்தை நிர்ணயிக்கும்போது நிழலையும் பாதையையும் பார்ப்பதுபோல் கூடுகளையும் பாருங்கள். சத்தமிடும் தெளிப்பான் இயந்திரத்தை மலைத்தேன் அடையின் கீழே கிளப்பாதீர்கள். அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது, அங்கு விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்பதை அன்று காலையிலேயே விசாரித்துக் கொள்ளுங்கள். ஒருவர் கொட்டுண்டால் செய்முறையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வரவிருக்கும் அதிகாரி மறுநாளும் வரலாம். நடந்தது எதுவாயினும், பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிக்கையில் எழுதுங்கள். அறிக்கைப் படிவத்தில் அதற்கு ஒரு பத்தி ஏற்படுத்துவது மேலிடத்தார்க்குச் சிரமமான காரியமன்று. ஒரு கோடு கிழிப்பதே போதும். அப்பத்தி பூச்சியமாக இருப்பது, மற்றப் பத்திகளில் உள்ள பெரிய எண்களைவிட நமக்குக் கௌரவமாகும்.

அந்தப் பெரியவர் இப்பொழுது சாலையோரத்தில் இளநீர் விற்கிறார். மரத்திலிருந்து காயை வெட்டி இறக்குகிறவர் வேறொருவர். அவ்வழியே போகும்போதெல்லாம் நான் நின்று ஓர் இளநீர் குடிப்பது வழக்கம். அவர் காசு வாங்க முதலில் மறுப்பார், பின்பு வாங்கிக்கொள்வார். சென்ற மாதம் பக்கத்துத் தோப்பில் ஒரு செய்முறை நடத்தச் சென்றபோது, அவரை அழைத்துச் சென்று, எந்த மரத்தில் ஏறலாம் என்று காட்டும்படி கேட்டுக்கொண்டேன். அவர் தோப்பைச் சுற்றிவந்து, ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்து, மூன்று மரங்களைத் தவிர்க்கும்படி கூறினார். அவற்றில் நாங்கள் யாரையும் ஏற்றவில்லை. மற்ற மரங்களில் வேலை இனிது முடிந்தது. விவசாயிகள் ஒவ்வொருவரும் தத்தம் தோப்பில் இவ்வாறே நடந்துகொள்வார்களானால், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் அடைந்தவனாவேன்.